ரெண்டாவது மிதி

அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பதும், மீன்தொட்டிக்கு நீச்சல் காவலராக இருப்பதும் ஏறக்குறைய ஒரே உத்தியோகம்தான். அங்கே நடந்த பெரிய விபத்து எது என்று யாரைக் கேட்டாலும், கணக்குப் பிரிவுக்காரர் ஒருவரின் கழுத்து டை அச்சு இயந்திரத்தில் சிக்கி, அவரை விட்டுவிட்டுத் தான் மட்டும் உள்ளே போய்வந்த கதையைச் சொல்வார்கள். ஆனாலும் அந்த அதிகாரி ஓயவில்லை. தொழிற்சாலைச் சுவர்களில் பாதிக்கு மேல் அவருடைய புகைப்படமும், அதன் கீழே அவரே யோசித்து எழுதிய வாசகமும் இருந்தன: 'விபத்து என்று ஒன்று கிடையாது. கவனக்குறைவு என்று ஒன்றுதான் உண்டு.' கழிப்பறைச் சுவரில்கூட இருந்தது. அங்கே அதை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

முகத்துக்கு நேரே அவரை 'சேஃப்டி சார்' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் சார் உதிர்ந்துவிடும்.

வேலையிடத்தில் காப்பாற்ற ஆள் கிடைக்காதவர்கள் வீட்டில்தான் கைவைப்பார்கள். மனைவியின் இஸ்திரிப்பெட்டி, மாடிப்படி, குளியலறைத் தரை எல்லாவற்றையும் பாதுகாப்பாக்கி முடித்த பிறகு சேஃப்டியின் பார்வை மாமியாரின் கார் மேல் விழுந்தது.

மாமியார் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். தெருவே அவரை டாக்டரம்மா என்றது. கணவர் போன பிறகும் தன் வீட்டில் தனியாக இருந்தார். முன்னறைதான் முன்பு கிளினிக். அந்தச் சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் தொங்கும் விளக்கு, எச்சில் துப்பும் பேசின் எல்லாம் அப்படியே இருந்தன. விருந்தாளிகள் அதிகமாக வந்தால் கடைசியாக வருபவர் அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.

கார் ஒரு பழைய ஜப்பான் வண்டி. சாம்பல் நிறம். சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே கிளம்பும். அதன் மேல் டாக்டரம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. சேஃப்டிக்கு இருந்தது.

"அத்தை, உங்க கார் நிக்குது. ஆனா நிக்க வேண்டிய மாதிரி நிக்கல."

"நின்னா நின்னதுதானே மாப்பிள்ளை? அதுல என்ன அரைகுறை?"

"முன்னாடி இருக்கிற டிஸ்க்கெல்லாம் சாஸர் சைஸ்ல இருக்கு அத்தை. அதே கம்பெனியோட பெரிய மாடல்ல வர்ற டிஸ்க்கும் காலிப்பரும் இதுல அப்படியே உட்காரும். சாப்பாட்டுத் தட்டு சைஸ். நான் விசாரிச்சுட்டேன்."

"நான் போறது காய்கறி வாங்க, லைப்ரரிக்கு, அப்புறம் முதியோர் இல்லத்துக்குப் பல்லு பாக்க. இதுக்கு எதுக்கு சாப்பாட்டுத் தட்டு?"

"பாதுகாப்புக்குப் போதும்னு ஒரு அளவே கிடையாது அத்தை" என்றார் சேஃப்டி. டாக்டரம்மாவுக்கு அடுத்த வாசகம் எந்தச் சுவரில் வரப்போகிறது என்று புரிந்துவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளையோடு வாதாடுவதைவிட காரை இழப்பது சுலபம்.

பழைய பாகங்கள் விற்கும் கடையிலிருந்து டிஸ்க்குகளும் காலிப்பர்களும் ஒரு சாக்கில் வந்தன. டிஸ்க்கைப் பேட்களால் கவ்விப் பிடித்து நிறுத்தும் அந்த இரும்புக் கவ்விகள், கிணற்றிலிருந்து எடுத்தவை மாதிரி துருவேறிக் கிடந்தன. சேஃப்டி அவற்றைத் தேய்த்துக் கழுவினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பந்தயக் கார்களில் காலிப்பர் சிவப்பாக இருக்கும், சக்கரத்தின் இடைவெளியில் பளிச்சென்று தெரியும் என்று எங்கோ பார்த்திருந்தார். மெல்லிய பூச்சு போதவில்லை. கொஞ்சம் ஆரஞ்சாகத் தெரிகிறது என்று இன்னொன்று, ஒளி குறைவு என்று மற்றொன்று. வார்ப்பிலேயே இடது, வலது என்று குறித்திருந்த பொடி எழுத்துகள் அந்தச் சிவப்பில் மூழ்கிப் போனதை அவர் கவனிக்கவில்லை. விபத்து என்று ஒன்று கிடையாது அல்லவா.

மாட்டிய பிறகு பிரேக் குழாய்களிலிருந்து ஏர் எடுக்க வேண்டும். மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு அவர் சக்கரத்தின் அருகே படுத்துக்கொண்டார்.

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

"பிடி. விடாதே. ம், இப்போ விடு. மறுபடி மிதி."

"என்னங்க, கல்யாணமான நாள்லேர்ந்து இதையேதான் சொல்றீங்க. மிதி, விடு, பிடி, நில்லு."

"பேசாதே, ஆயில் கண்ணுல தெறிக்குது."

காலிப்பரில் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்தால் ஆயிலோடு காற்றுக் குமிழ் வெளியே வரும். குமிழ் நின்றால் வேலை முடிந்தது. குமிழ் சீக்கிரமே நின்றுவிட்டது. சேஃப்டி எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "முதல் தடவையிலேயே பெர்ஃபெக்ட்" என்று அறிவித்தார். காரைத் தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். கச்சிதமாக நின்றது.

அவர் கார் ஓட்டும் விதத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிரேக்கை ஒரே தடவையில் மிதிப்பவரல்லர் அவர். முதலில் ஒரு தட்டு, உடனே ஓங்கி ஒரு மிதி. முதலாவது பின்னால் வருகிறவனுக்கு எச்சரிக்கை, இரண்டாவதுதான் நமக்கு என்று அதற்கு ஒரு தத்துவம் வைத்திருந்தார். பக்கத்தில் உட்காருபவர்களுக்குக் கழுத்து வலி வரும். அது தத்துவத்தில் சேராது.

காரை ஒப்படைத்த வாரம் டாக்டரம்மா போன் செய்தார்.

"மாப்பிள்ளை, பெடல் கொஞ்சம் உள்ள போற மாதிரி இருக்கே. மெத்துன்னு."

"பெரிய பிரேக்குன்னா அப்படித்தான் அத்தை" என்றார் சேஃப்டி, காதில் போனையும் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டையும் வைத்துக்கொண்டு. "பெரிய பிஸ்டன், அதனால ஆயில் அதிகமா வாங்கும். உங்க கால் பழைய பிரேக்குக்குப் பழகினது. கொஞ்ச நாள்ல செட் ஆயிடும். நான் சொல்றேன்ல."

"அப்படியா? சரி. நீங்க சொன்னா சரிதான்" என்று அவர் வைத்துவிட்டார்.

அடுத்த போன் தெருவோர டீக்கடைக்காரரிடமிருந்து வந்தது.

சேஃப்டி போய்ச் சேர்ந்தபோது, பேக்கரி வேன் ஒன்றின் பின்கதவில் சாம்பல் நிறக் காரின் மூக்கு புதைந்திருந்தது. யாருக்கும் அடியில்லை. ஹெட்லைட் கண்ணாடி ரோடெல்லாம் சிதறி, அதன் மேல் பன்கள் உருண்டு கிடந்தன. சுற்றி ஒரு கூட்டம். டாக்டரம்மா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நிமிர்ந்து நின்றார்.

வேன்காரன் கூட்டத்துக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தான். "நான் நின்னுக்கிட்டுதான் இருக்கேன். சிக்னல் செவப்பு. தூங்கிட்டு வந்து இடிக்கிற மாதிரி வந்து இடிக்குது. பாட்டிம்மா, இந்த வயசுல வீட்டுல உட்கார்ந்து டிவி பாக்கக் கூடாதா?"

அவன் கடைவாய்ப் பல்லை ஒரு காலத்தில் டாக்டரம்மாதான் பிடுங்கியிருப்பார். அவனுக்கு நினைவில்லை. அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"மிதிச்சேன் மாப்பிள்ளை. நல்லாத்தான் மிதிச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "மிதிச்சேன்னுதான் நெனைக்கிறேன்" என்றார்.

அன்று மாலை கிளினிக் அறையில் குடும்ப மாநாடு. வெளியூரில் வங்கி மேலாளராக இருக்கும் மகன், அதாவது சேஃப்டியின் மைத்துனன், போனில் ஸ்பீக்கர் வழியாகத் தலைமை தாங்கினான். போன் இடுக்கிகள் வைக்கும் தட்டில் வைக்கப்பட்டிருந்தது. கடைசியாக வந்ததால் சேஃப்டிக்குச் சாய்வு நாற்காலி.

"பிரேக்குல ஏதாவது..." என்று மனைவி மெல்ல ஆரம்பித்தாள்.

"பிரேக்கா? நான் போட்ட பிரேக்கா?" என்றார் சேஃப்டி. "இடிச்ச வண்டிய அங்கேருந்து நான்தானே ஓட்டிட்டு வந்தேன். ஒவ்வொரு சிக்னல்லயும் நின்னுச்சே. சும்மா சிலை மாதிரி."

"அத்தான், நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட்" என்றது போன். "உங்க ஒபினியன் என்ன? ஓப்பனா சொல்லுங்க."

ஓப்பனாகச் சொல்லத்தான் அவர் பிறந்தவர். தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். முழங்கை எதன் மேலோ பட்டது. நாற்காலி முனகிக்கொண்டே மெதுவாகப் பின்னால் சாயத் தொடங்கியது. எழுந்திருக்கலாம். ஆனால் பேச்சு தொடங்கிவிட்டது. தொடங்கிய பேச்சை அவர் எதற்காகவும் நிறுத்தியதில்லை. மாமியாரின் எதிர்காலத்தைப் பற்றிய தன் நிபுணத்துவத் தீர்ப்பை, மல்லாந்து படுத்தபடி, விளக்கைப் பார்த்துச் சொன்னார்.

"வயசு ஆக ஆக ரியாக்‌ஷன் மெதுவாகும். மூளை மிதின்னு சொல்லும். கால் கேட்கிறதுக்கு நேரம் எடுக்கும். கால் மிதிச்சதா நாம நெனைப்போம், அது பாதிதான் மிதிச்சிருக்கும். இதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல அத்தை, சயின்ஸ். இந்த தடவை பன்னு. அடுத்த தடவை ஸ்கூல் பிள்ளையா இருந்தா?"

டாக்டரம்மா எழுந்து போய், சுவர் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து, போனுக்குப் பக்கத்தில் தட்டில் வைத்தார். இடுக்கியை வைக்கிற மாதிரியே, சத்தமில்லாமல்.

கார் பழுதுபார்ப்பதற்காக சேஃப்டியின் வீட்டு வாசலுக்கு வந்தது. பம்பரையும் ஹெட்லைட்டையும் தானே மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார். மாமியாருக்கு ஏதோ செய்த மாதிரி இருக்கட்டும் என்று ஒரு பெருந்தன்மை. விடுமுறை நாள் மதியம், மனைவி வெளியே போயிருந்தாள். பம்பரின் ஓரத்து ஸ்க்ரூவுக்குக் கை போகவில்லை என்று ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்தார். சக்கரம் திரும்பி, தன் சிவப்புக் காலிப்பரை அவருக்குக் காட்டியது.

அழகாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் ரசித்தார். அப்போதுதான் நிப்பிள் கண்ணில் பட்டது. அது கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூடிரைவர் கையில் அப்படியே நின்றது. காற்று மேலேதான் நிற்கும். ஏர் வெளியேற வேண்டிய வழி மேலேதான் இருக்க வேண்டும். கீழே இருந்தால், காற்று மேலே சுகமாக உட்கார்ந்திருக்க, ஆயில் மட்டும் குமிழே இல்லாமல் கீழே வரும். முதல் தடவையிலேயே பெர்ஃபெக்ட்டாக வரும். இடது பக்கத்துக் காலிப்பரை வலது பக்கமும், வலது பக்கத்துக் காலிப்பரை இடது பக்கமும் மாட்டியிருந்தார்.

அவர் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இன்ஜினைக் கிளப்பினார். வழக்கம்போலத் தட்டி மிதித்தார். கல் மாதிரி இருந்தது. பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, மாமியார் எப்படி மிதிப்பார் என்று நினைத்துப் பார்த்தார். டாக்டரம்மாவின் கால் வேறு ரகம். பல்லில் துளை போடும் கருவியின் வேகமெல்லாம் காலடிப் பெடலில்தான். மயிரிழை கூடினால் நாற்காலியில் இருப்பவர் விளக்கைப் பிடித்துத் தொங்குவார். அந்தக் கால், உதறாமல், நிதானமாக, ஒரே ஒரு தடவை அழுத்தும். அப்படி அழுத்தினார்.

பெடல் பஞ்சு மூட்டைக்குள் போவது போல உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது.

விட்டு மறுபடி மிதித்தார். கல்.

காற்று நசுங்கி முடிந்த பிறகுதான் பிரேக் பிடிக்கிறது. ரெண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கிறது. ரெண்டாவது மிதி அவருக்கு மட்டும்தான் பழக்கம்.

ஒப்புக்கொள்ள அன்றே நல்ல நாள்தான். ஆனால் அதிகாரிகள் தவறை முதலில் திருத்துவார்கள். பிறகு, அவசியம் ஏற்பட்டால், அறிக்கை விடுவார்கள். மனைவி வருவதற்குள் காலிப்பர்களைக் கழற்றி இடம் மாற்றினார். பக்கத்து வீட்டுக்காரரைப் பெடல் மிதிக்கச் சொல்லி ஏர் எடுத்தார். இந்த முறை குமிழ் வந்துகொண்டே இருந்தது. ஏரியில் கல் போட்ட மாதிரி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கால் வலிக்கிறது என்றார்.

மறுநாள் தொழிற்சாலையில் எங்கே திரும்பினாலும் அவரே அவரைப் பார்த்தார். கேன்டீனில் பார்த்தார், படிக்கட்டில் பார்த்தார். கழிப்பறையில் ஹெல்மெட்டோடு புன்னகைத்த படத்துக்கு முன்னால் நிற்க முடியாமல் வேறு இடம் தேடினார்.

ஹெட்லைட் போட்டு, துடைத்து, காரை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனார். சாவியைக் கொடுத்துவிட்டால் போதும், ஓட்டிப் பார்த்தால் அவருக்கே நம்பிக்கை வந்துவிடும், பழைய கதையைக் கிளற வேண்டாம் என்பது திட்டம்.

வாசல் கதவு திறந்திருந்தது. டாக்டரம்மா சாய்வு நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில், தான் வேலை செய்த காலத்தில் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். வலது காலடியில் ஒரு ரப்பர் செருப்பு. அதை மெல்ல அழுத்துவதும், காலைக் குனிந்து பார்ப்பதும், மறுபடி அழுத்துவதுமாக இருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார்.

"அத்தை, கார் ரெடி. சாவி இந்தாங்க."

"எனக்கு எதுக்கு மாப்பிள்ளை? நீங்களே வச்சுக்குங்க. இல்ல வித்துடுங்க."

"பிரேக்குல ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் இருந்துச்சு அத்தை. ஒரு சிறு தொழில்நுட்ப விலகல். இப்போ அதைச் சரி பண்ணியாச்சு."

விலகல் என்ற சொல்லை அவர் அலுவலக அறிக்கைகளில் பல முறை எழுதியிருக்கிறார். அதன் ருசி இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை.

டாக்டரம்மா தலையாட்டினார். "அதெல்லாம் இல்ல. நீங்க அன்னிக்குச் சொன்னதை நான் யோசிச்சுப் பாத்தேன். பாதிதான் மிதிச்சிருக்கேன். கால் போனா போகட்டும், போனது தெரியாம இருந்துச்சு பாருங்க, அதுதான் பயமா இருக்கு. கால்ல போனது கையிலயும் போயிருக்குமோ என்னவோ. முதியோர் இல்லத்துக்கு இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டேன். யார் வாயிலயாவது எதையாவது கிழிச்சு வச்சா?"

"அத்தை..."

"ஞாயித்துக்கிழமை பையன் வர்றான். அவன் வீட்டுல பின்னாடி ரூமைக் காலி பண்ணி வச்சிருக்கானாம். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்ங்கிறான். நாற்காலியை இரும்புக் கடைக்காரன் எடுத்துக்குறேன்னான். டீ போடட்டுமா? அடுப்பை நீங்க பத்த வச்சுக் குடுத்துடுங்க."

அடுப்பைப் பற்ற வைத்துக் கொடுத்துவிட்டு, காரையும் சாவியையும் அங்கேயே விட்டுவிட்டு சேஃப்டி வீடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்துவிட்டான். கூடத்தில் அட்டைப்பெட்டிகள். எல்லாம் சேஃப்டியின் தொழிற்சாலைச் சரக்கு. பக்கவாட்டில் 'கவனமாகக் கையாளவும்' என்று அச்சடித்திருந்தது. மனைவி பாத்திரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல், இடுக்கி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உட்கார எங்குமே இடமில்லை. சேஃப்டி வேறு வழியின்றி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். இந்த முறை முழங்கையை ஒடுக்கிக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "தப்பு என் மேலதான். காலிப்பரைப் பக்கம் மாத்தி மாட்டிட்டேன். உள்ள ஏர் நின்னுடுச்சு. அத்தை சரியாத்தான் மிதிச்சாங்க. பிரேக்தான் பிடிக்கல."

மனைவியின் கை நின்றது. மைத்துனன் அம்மாவைப் பார்த்தான். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னங்க, எங்க அம்மாவுக்காக இப்படியெல்லாம் பேசுவீங்கன்னு நான் நெனைச்சே பாக்கல."

"இல்ல, நெஜமா..."

"அத்தான்" என்று மைத்துனன் அவர் தோளில் கைவைத்தான். "உங்க பெருந்தன்மைக்கு நான் தலை வணங்குறேன். ஆனா நான் வந்ததும் வண்டியை ஒரு ரவுண்டு எடுத்துட்டுப் போனேன். பிரேக் கல்லு மாதிரி இருக்கு."

"அது நான் அப்புறம் சரி பண்ணினேன்."

"யாருக்கும் தெரியாம?"

"ஆமா."

"எதுக்கு அத்தான் யாருக்கும் தெரியாம சரி பண்ணணும்?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது. அதை ஒரு பாதுகாப்பு அதிகாரியின் வாயிலிருந்து வரவழைக்கப் பல்லைப் பிடுங்குகிற இடுக்கியே வேண்டியிருக்கும். "பயம்" என்றார் சேஃப்டி. அதையும் அவர்கள் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

டாக்டரம்மா பக்கத்தில் வந்தார். "மாப்பிள்ளை, பொய் சொல்ல உங்களுக்கு வரல. முகத்துல தெரியுது. ஆனா எனக்காகச் சொன்னீங்க பாருங்க, அது போதும்." அவர் கண் கலங்கியிருந்தது. அந்த வீட்டுக்கு மருமகனாக வந்த நாளிலிருந்து சேஃப்டிக்குக் கிடைக்காத மரியாதை, அன்று ஒரே மதியத்தில் கிடைத்தது. உண்மையைச் சொன்னதற்காகத் திட்டு வாங்கத் தயாராக வந்தவருக்கு, பொய் சொன்னதற்காகப் பாராட்டு. ஒவ்வொரு பாராட்டும் நெஞ்சில் சுருக்கென்று ஊசி மாதிரி இறங்கியது.

அவர் எழுந்து வெளியே போனார். காரின் டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்த மைத்துனன், "அக்கா, அத்தான் எதுக்குச் சக்கரத்தைக் கழட்டுறாரு?" என்றான்.

"மனசு சரியில்லன்னா எதையாவது கழட்டுவாரு. விடு."

சேஃப்டி தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, தெரிந்தே ஒரு காரைப் பாதுகாப்பற்றதாக்கினார். வலதை இடதிலும் இடதை வலதிலும், பழையபடி. மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மிதி."

"மறுபடியுமா?"

"மிதி. விடு."

குமிழ் சீக்கிரமே நின்றது. பெர்ஃபெக்ட். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, சட்டையெல்லாம் ஆயிலோடு உள்ளே போய், "அத்தை, ஒரே ஒரு தடவை வந்து உட்காருங்க. வண்டி எங்கயும் போகாது. சும்மா மிதிச்சுப் பாருங்க" என்றார்.

"வேண்டாம் மாப்பிள்ளை."

"கும்பிட்டுக் கேக்குறேன் அத்தை."

கும்பிடவும் செய்தார். டாக்டரம்மா பயந்துபோய் வந்து உட்கார்ந்தார். சேஃப்டி இன்ஜினைக் கிளப்பச் சொன்னார். கிளப்பிய டாக்டரம்மா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். காலை மட்டும் பெடலில் வைத்து, நிதானமாக, ஒரே ஒரு தடவை அழுத்தினார்.

சேஃப்டி அந்தக் காலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் டாக்டரம்மாவின் புருவம் மெல்ல உயர்ந்தது. சொத்தைப் பல்லில் கருவி இறங்கும்போது, இதோ இங்கேதான் என்று தெரிகிற கணத்தில் அவருக்கு அப்படி உயரும்.

"இதேதான்" என்றார். "அன்னிக்கு இதேதான்."

காலை எடுத்தார். காத்திருந்தார். மறுபடி ஒரு தடவை அழுத்தினார். "இதேதான்" என்றார் மறுபடி, தனக்குத்தானே.

பிறகு இறங்கி மகனைக் கூப்பிட்டார். "வாடா. உட்காரு. தட்டாதே, ஒரு தடவை அழுத்து. மெதுவா." மைத்துனனின் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்தது மகள். வேடிக்கை பார்க்க நின்ற எதிர்வீட்டுக்காரர்கூட ஒரு மிதி மிதித்துவிட்டு, "அடப்பாவமே" என்று சேஃப்டியைப் பார்த்துவிட்டுப் போனார். பெருந்தன்மை, தலைவணக்கம் எல்லாம் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்த் தரையைத் தொட்டது.

டாக்டரம்மா அவர் முன்னால் வந்து நின்றார். அவர் திட்டியிருக்கலாம். சேஃப்டி அதற்கு ஏங்கினார்.

"பெரிய பிரேக்குன்னா அப்படித்தான்னு சொன்னீங்களே மாப்பிள்ளை."

"சொன்னேன் அத்தை."

"நான் பெடல் உள்ள போகுதுன்னு சொன்னேன். என் கால் சரியாச் சொல்லுச்சு. நான்தான் அதை நம்பாம உங்களை நம்பிட்டேன்."

 

உள்ளே போன டாக்டரம்மா ஒரு சின்னக் கருவியோடு திரும்பி வந்தார். பல்லிடுக்கில் படிந்த காரையைச் சுரண்டும் கொக்கி. "அந்த செவப்பை முழுசாச் சொரண்டுங்க. இடமா வலமான்னு எழுத்து தெரியணும். அப்புறம் மாட்டுங்க" என்று கொடுத்துவிட்டு, ஸ்டூலை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். கூடத்துக்குள் பார்த்து, "டேய், அந்தப் பெட்டியையெல்லாம் பிரி. இரும்புக் கடைக்காரனுக்குப் போன் பண்ணி வரவேண்டாம்னு சொல்லு" என்றார்.

"அம்மா, லாங் டெர்ம்ல யோசிச்சா..."

"வாயை மூடுறியா, இல்ல நாற்காலியில உட்கார்றியா?"

மைத்துனன் பெட்டிகளைப் பிரிக்கப் போனான்.

சேஃப்டி மண்டியிட்டுச் சுரண்டினார். சிவப்பு தூளாக உதிர்ந்தது. டாக்டரம்மா மேலேயிருந்து, "ஓரத்துல விட்டுட்டீங்க. அங்கதான் சேரும்" என்றார். எழுத்து வந்தது. வெயில் இறங்குவதற்குள் அதனதன் பக்கத்தில் அதது சேர்ந்தது. குமிழ்கள் வந்தன, தீர்ந்தன.

ஓட்டிப் பார்க்க டாக்டரம்மா உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையை மாப்பிள்ளைக்குக் காட்டினார். பெரிய தெருவில் இறங்கி, அந்தச் சிக்னலை நோக்கியே போனார். சிவப்பு. முன்னால் ஒரு லாரியின் பின்புறம் பெரிதாகிக்கொண்டே வந்தது. டாக்டரம்மாவின் கால் ஒரு தடவை அழுத்தியது. கார் நின்றது. லாரிக்குக் கொஞ்சம் தள்ளி, குலுங்காமல்.

தரைவிரிப்பில் தட், தட் என்று சத்தம் கேட்டது.

டாக்டரம்மா குனிந்து மாப்பிள்ளையின் வலது காலைப் பார்த்தார்.

"எதுக்கு ரெண்டு தடவை?"

சேஃப்டி காலை மெல்ல இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"முதல் தடவையை நம்பிப் பழகுங்க மாப்பிள்ளை" என்றார் டாக்டரம்மா. பச்சை விழுந்தது. அவர் முதியோர் இல்லம் இருக்கும் பக்கம் வண்டியைத் திருப்பினார்.